மடை யார் கையில்? கிரிட் கணிப்பின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தொழில்நுட்பம் என்றாலே 'அதெல்லாம் என்ஜினியர் சமாச்சாரம்ப்பா' என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த ஒதுக்கம் நன்றாகவே பழக்கம். ஆனால் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் நடுவில் வாழ்கிறவன் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஏரியும் கழிமுகமும் உப்பளமுமாகக் கிடந்த இந்த நிலப்பரப்பில் இன்று கணினிதான் பெரிய மிராசு. ஆகவே அதன் வரலாற்றை நாமும் வாசித்தாக வேண்டும். அந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: பங்கீடு என்று பிறந்த ஓர் ஏற்பாடு வாடகையாக முடிந்துபோன கதை.

கணிப்புத் திறனை மின்சாரம்போலப் பொதுவில் வழங்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1961-லேயே சொன்னார். 'கிரிட்' என்ற பெயரும் மின்கட்டமைப்பிலிருந்து வந்ததுதான். 1995-ல் சான் டியாகோ மாநாட்டை ஒட்டி அமெரிக்காவின் 17 ஆய்வு மையங்களை 'ஐ-வே' என்ற பெயரில் இணைத்துப் பார்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து இயான் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் குழுவினரின் 'குளோபஸ்' மென்பொருள் உருவானது. இது எந்திரத்துக்கும் பயனாளிக்கும் நடுவில் நிற்பது, அதனால் மிடில்வேர். நீ யார், உனக்கு அனுமதி உண்டா, எந்த எந்திரம் சும்மா இருக்கிறது, தரவை எப்படிக் கொண்டுபோவது - இவ்வளவையும் அது கவனிக்கும். எந்திரங்கள் அவரவர் நிறுவனத்துக்கே சொந்தம், விதிகளும் அவரவருடையவை. மொத்தத்துக்கும் ஒரே முதலாளி கிடையாது. இப்படிச் சேர்ந்தவர்களின் கூட்டுக்கு 'மெய்நிகர் அமைப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

2002-ல் ஒரு திருப்பம். ஃபாஸ்டர் குழுவினரும் ஐ.பி.எம்.மின் ஜெஃப்ரி நிக்கும் சேர்ந்து, கிரிட்டில் உள்ள எல்லாவற்றையும் 'சேவை'யாகப் பார்க்கும் ஒரு கட்டமைப்பை முன்வைத்தார்கள். விஞ்ஞானிகளின் கட்டளை மொழி வங்கிகளுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் ஒத்துவரவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த வலைச்சேவை மொழியில் கிரிட் பேச வேண்டியிருந்தது. 2003-ல் குளோபஸ் மூன்றாம் பதிப்பு அப்படித்தான் வந்தது. அதன் அடிப்படைத் தரம் ஓராண்டு தாங்கவில்லை; 2004-ல் வேறொன்று முன்வைக்கப்பட்டு, 2005-ல் நான்காம் பதிப்பு வந்தது. எழுதியவர்கள் எல்லாம் திரும்ப எழுதினார்கள். இதை வெறும் தொழில்நுட்பத் தடுமாற்றமாக நான் வாசிக்கவில்லை. 'வளம்' என்றால் அது யாருடையது என்ற கேள்வி கூடவே வரும். 'சேவை' என்ற சொல் அந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது. கேட்டால் கிடைக்கும், அவ்வளவுதான். கொடுப்பவன் யார் என்று தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் 1988-ல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம், 'கருடா' என்ற தேசிய கிரிட்டில் 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இணைத்தது. 2019-ல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வரும் குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில், பேராசிரியர் தாமரைச்செல்வி சோமசுந்தரம் குழுவினர் கிரிட் மிடில்வேர் ஆய்வு செய்தார்கள். வளங்களைப் பெயரால் மட்டுமல்லாமல் பொருளாலும் தேடிக் கண்டடைவது அவர்களின் அக்கறைகளில் ஒன்று. ராஜ்குமார் புய்யா, கிறிஸ்டியன் வெக்கியோலா ஆகியோருடன் அவர் எழுதி 2013-ல் வெளிவந்த பாடநூலின் தலைப்பிலேயே கிரிட் இல்லை, கிளவுட் வந்துவிட்டது.

நடுவில் நடந்தது 2006. அந்த மார்ச்சில் சன் நிறுவனம் ஒரு செயலியின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர் என்று கடை திறந்தது. அதே மார்ச்சில் அமேசான் சேமிப்பிடத்தையும் ஆகஸ்டில் கணிப்பையும் வாடகைக்கு விட்டது. சேவை என்ற இடைமுகம் அப்படியே நின்றது. பல உடைமையாளர்கள் கூடிப் பேசி விதி வகுக்கும் மெய்நிகர் அமைப்பு மட்டும் தொழில்துறைக்குத் தேவைப்படாமல் போயிற்று. ஒரே முதலாளி என்றால் யாரோடு பேச வேண்டும்? 2018-ல் குளோபஸ் கருவித்தொகுப்புக்கான ஆதரவையும் அதை உருவாக்கியவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

இங்கே பழம்பெருமை பேச ஒரு சபலம் வரும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலையில் தேர்வான ஏரி வாரியத்தைச் சொல்கின்றன. 'பாத்தீங்களா, நம்மகிட்ட அப்பவே பங்கீடு இருந்துச்சு' என்று துள்ள வேண்டாம். அந்த வாரியத்தில் உட்காரக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். நிலம் உள்ளவர்களுக்குள்தான் பங்கீடு. மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளோ, தமிழகத்தின் பல ஊர்களில் தலித்துகள். நடுவில் நின்று உழைப்பவர் அவர். விதி வகுக்கும் இடத்தில் அவர் இல்லை. மெய்நிகர் அமைப்பும் எந்திரம் உள்ளவர்களின் சபையாகவே இருந்தது. அதனால்தான் அது கலைந்தபோது வெளியே யாருக்கும் வலிக்கவில்லை.

இப்போது வலிக்கிறது. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. அந்தச் சாலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலத்தடியைத்தான் உறிஞ்சுகின்றன. 2022-ல் சிறுசேரியில் அதானிகனெக்ஸ் தரவு மையம் திறக்கப்பட்டது. இத்தகைய மையங்களுக்கு இடைவிடாத மின்சாரமும் குளிர்விப்பும் வேண்டும். 'கிளவுட்' என்று பெயர், ஆனால் அது நிற்பது தரையில், நம் தரையில்.

கிரிட் தோற்றது தொழில்நுட்பத்தால் மட்டுமல்ல. பங்கீட்டின் விதியை யார் எழுதுவது என்ற அரசியல் கேள்வியை அது பொறியாளர்களிடமே விட்டுவைத்தது. பிறகு சந்தை வந்து அதை எடுத்துக்கொண்டது. நமக்கு வேண்டியது பழைய ஏரி வாரியமல்ல, பழைய கிரிட்டும் அல்ல. நீர்க்கட்டியும் உறுப்பினராக உட்காரும் ஒரு வாரியம். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கணிப்புக்கும் சேர்த்தே அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.