விசிட் வீசாவில் வேலைக்குப் போகலாமா?

"முதல் விசிட் வீசாவில போங்கோ அக்கா, அங்க போனாப் பிறகு வேலை வீசாவா மாத்தலாம்."

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. சொல்பவர் பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த ஒருவர். கேட்பவர் நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ காசு கட்டத் தயாராக இருப்பவர். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். எங்கள் பகுதிகளிலிருந்து பலர் போகும் ஐக்கிய அரபு இராச்சியத்தை, அதாவது நாங்கள் பொதுவாக டுபாய் என்று சொல்லிவிடும் நாட்டை, உதாரணமாக வைத்து இதை விளக்குகிறேன்.

விசிட் வீசாவில் அந்நாட்டுக்குள் போன ஒருவரை ஒரு நிறுவனம் வேலைக்கு எடுக்க விரும்பினால், அவர் அங்கிருக்கும்போதே வீசாவை மாற்றச் சட்டத்தில் வழி உண்டு. முகவர் சொல்வதில் உண்மையான பாதி இது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் வேலை தருபவர். தொழிலாளியோ முகவரோ அதைச் செய்ய முடியாது. அந்த அனுமதி கையில் வரும்வரை ஒரு நாள் வேலை செய்தாலும் அது சட்டவிரோதம். அனுமதியில்லாமல் ஆட்களை வேலைக்கு வைக்கும் நிறுவனங்களுக்கு 2024 இல் வந்த திருத்தத்தின்படி 1 இலட்சம் திர்ஹாம் முதல் 10 இலட்சம் திர்ஹாம் வரை தண்டம். அதனால் ஒழுங்கான நிறுவனங்கள் அந்த ஆபத்தை எடுக்கத் தயங்கும். விசிட் வீசாவில் வந்தவரை உடனே வேலைக்கு இறக்க யார் முன்வருவார் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வீசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் தண்டம். ஒரு மாதத்தில் 1,500 திர்ஹாம். சம்பளம் தராத முதலாளிக்கு எதிராக முறைப்பாடு செய்யப் போனாலும், "எந்த அனுமதியில் வேலை செய்தாய்?" என்ற கேள்வி முதலில் வரும். பலர் வாய் திறக்காமல் இருப்பதற்கு அந்தப் பயமே போதும்.

"பிசினஸ் வீசா என்றால் பரவாயில்லையா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். பெயர் கனமாக இருக்கிறதே தவிர, வேலை செய்யும் உரிமை அதிலும் இல்லை. கூட்டத்துக்குப் போக, கண்காட்சி பார்க்க, பொருள் வாங்க விற்கப் பேச, ஒப்பந்தம் எழுத வருபவர்களுக்கான வீசா அது. அவர்களுடைய சம்பளம் சொந்த நாட்டிலிருந்தே வரும். கடையில் நிற்கவோ வீடு துடைக்கவோ கட்டடத்தில் ஏறவோ அது உதவாது.

சரியான வழி எப்படி இருக்கும்? வேலை தருபவர் அந்நாட்டின் மனிதவள அமைச்சினூடாக வேலைவாய்ப்புக் கடிதத்தை அனுப்புவார். சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் இங்கிருந்தே வாசித்துக் கையொப்பமிட்ட பிறகுதான் வேலைக்கான நுழைவு அனுமதி வரும். போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, வதிவிட அனுமதி என்று மிச்சம் நடக்கும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 2022 இல் தனிச் சட்டமே வந்தது.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2016 முதல் அந்தக் கடிதம் அரபு, ஆங்கிலம் இரண்டோடு தொழிலாளிக்கு விளங்கும் இன்னொரு மொழியிலும் தரப்பட வேண்டும். அந்த மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆகவே "ஆங்கிலத்திலதான் வரும், நீங்க சைன் பண்ணுங்கோ" என்று சொன்னால் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதையும் அந்நாட்டின் 2021 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் தடை செய்கிறது. ஊரில் இலட்சக்கணக்கில் காசு கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, புறப்பட முன்னர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அது. முகவருக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற தொலைபேசியிலோ சரிபார்க்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். பதிந்து போகிறவருக்குக் காப்புறுதி உண்டு. "விமான நிலையத்தில கேட்டா சுற்றுலா போறன் எண்டு சொல்லுங்கோ" என்று யாராவது சொல்லித்தந்தால், அந்தப் பாதுகாப்பு முழுவதையும் நீங்களே கைவிடும்படி சொல்கிறார் என்று அர்த்தம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2022 இல் ஓமானில் நிர்க்கதியான இலங்கைப் பெண்கள் பலர் சுற்றுலா வீசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள். அந்த விவகாரத்தில் அங்கிருந்த இலங்கைத் தூதரக அதிகாரி ஒருவரும் கைதானார். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட தங்கள் பிள்ளைகள் ரஷ்ய இராணுவத்தில் சேர்க்கப்பட்டதாக 2024 இல் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் முறையிட்டன. ஒரு போரிலிருந்து காப்பாற்றி வளர்த்த பிள்ளையை இன்னொரு நாட்டின் போரில் தேடும் நிலை.

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கும் வழி அடைபட்டுப் போகவில்லை. அபுதாபியில் இலங்கைத் தூதரகமும் டுபாயில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. இங்கிருக்கும் உறவினர் பணியகத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆட்கடத்தல் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம் என்பதால் பொலிஸாரிடமும் போகலாம். அப்போது கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். அதனால் புறப்பட முன்னர் கடவுச்சீட்டு, வீசாத் தாள், பயணச்சீட்டு, முகவரின் பற்றுச்சீட்டு, அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.