இரண்டு ஊர்திரும்பல்கள்: கார்ன்வாலும் தங்கவயலும்

1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இன்றைய கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது இரண்டு சீமைகளிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஒரு சாரார். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நடந்தும் ரயிலேறியும் வந்த தமிழர்கள் இன்னொரு சாரார். சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், மைசூர் மைன்ஸ் என்று எல்லாச் சுரங்கங்களிலும் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். ஆனால் கடல் கடந்து வந்தவன் ஊர் திரும்பினான். ஒருநாள் பயணத் தொலைவிலிருந்து வந்தவன் இங்கேயே தங்கிவிட்டான். இந்த வேறுபாட்டின் காரணத்தை இருவரும் விட்டுவந்த ஊர்களில்தான் தேட வேண்டும்.

இருவரையும் கிளப்பியது பிழைப்புதான். 1866இல் செம்பு விலை சரிந்து கார்ன்வால் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், அங்கிருந்த தொழிலாளர்கள் மெக்சிகோ, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று உலகம் முழுக்கப் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினரே தங்கவயலுக்கு வந்தவர்கள். அவர்களை ஊரைவிட்டு அனுப்பியது வேலையின்மை. தமிழர்களின் நிலை வேறு. இங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர்கள். பஞ்சமும் கடனும் அவர்களைத் துரத்தின. பண்ணையடிமைத்தனமும் சேரியின் இழிவும் கூடவே துரத்தின.

வந்த இடத்தில் வாழ்ந்த விதமும் ஒன்றல்ல. வெள்ளையருக்கு ஒப்பந்தம், பங்களா, கிளப், தேவாலயம் எல்லாம் இருந்தன. தங்கவயலைக் குட்டி இங்கிலாந்து என்றே அழைத்தார்கள். தமிழருக்குக் கிடைத்தவை வரிசையாகக் கட்டிய தட்டிக் குடிசைகள், பின்னாளில் லைன் வீடுகள். சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்ததும் சுரங்கம்தான் முதலில் பயனடைந்தது. தொழிலாளியைக் கைரேகை வைத்துப் பதிய முயன்ற நிர்வாகத்தை எதிர்த்து 1930இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. பாறைவெடிப்பும் நுரையீரலை அரிக்கும் கல்தூசியும் இரு சாராரையும் தாக்கின. ஆனால் சாவின் பெருஞ்சுமையைச் சுமந்தது தமிழ்க் குடும்பங்களே.

திரும்பும் வேளையில் கார்ன்வால்காரனுக்காக ஓர் ஊர் காத்திருந்தது. அவன் அனுப்பிய பணத்தில் ரெட்ரூத், கேம்போர்ன் பகுதிகளின் குடும்பங்கள் வாழ்ந்தன. வீடும் சபையும் அவன் பெயரை மறக்கவில்லை. திரும்பாதவர்களும் உண்டு. தங்கவயலின் பழைய ஐரோப்பியர் கல்லறைகள் அதற்குச் சாட்சி. இருந்தாலும் திரும்ப நினைத்தவனுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

தமிழனும் தொடக்கக் காலத்தில் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊர் போய் வந்தான். ஆனால் அங்கே அவனுக்கு நிலமில்லை, மதிப்பில்லை. தங்கவயலிலோ மாதச் சம்பளம் இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. இங்குள்ள மாரிக்குப்பத்தில் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் கிளை பரப்பியது. அவருடைய 'தமிழன்' இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. சொந்த ஊர் தராத மானத்தை இந்த மக்கள் இங்கே தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் திரும்பாமல் போனது ஊரை மறந்ததால் அல்ல. தலைநிமிர்ந்து வாழ ஓர் ஊரைத் தங்கள் உழைப்பாலேயே கட்டிவிட்டார்கள்.

முடிவும் இருவருக்கும் அடுத்தடுத்தே வந்தது. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998இல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய், 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் தந்த தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதன்பின் பாதைகள் பிரிந்தன. கார்ன்வாலின் சுரங்க நிலப்பரப்பு 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தங்கவயலில் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சைனைடு மலைகள் அப்படியே நிற்க, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறார்கள் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

இவர்களைப் பார்த்து "உங்கள் ஊர் எது?" என்று தமிழ்நாட்டிலும் கேட்கிறார்கள், கர்நாடகத்திலும் கேட்கிறார்கள். நான்கைந்து தலைமுறை உழைத்துப் புதைந்த மண்ணே அவர்களுடைய ஊர். பல்லாண்டுகளாக அவர்கள் கேட்டுவரும் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீடுகளின் உரிமையை அரசு தர வேண்டும். சைனைடு மண்ணின் தூசியிலிருந்து அவர்களைக் காக்க வேண்டும். கார்ன்வால் தன் சுரங்கத் தொழிலாளியின் வரலாற்றைப் போற்றிக் காப்பதுபோல, தங்கவயல் தொழிலாளியின் வரலாற்றையும் அந்த மண்ணிலேயே பாதுகாக்க வேண்டும்.