கிளட்ச் சுவிச்சை நேரடியாகக் கொழுவாதீர்கள்: பழைய பிக்கப்பில் மாற்றும் முறை

ஒரு நாள் காலையில் திறப்பைத் திருப்பியும் எனது பழைய பிக்கப் அசையவில்லை. விளக்குகள் எரிந்தன, ஹோன் அடித்தது. ஸ்ராட்டர் மட்டும் 'டிக்' என்றுகூடச் சத்தமிடவில்லை. தள்ளிவிட்டதும் இயங்கியது. பழுது பார்த்தவர் கிளட்ச் பெடலுக்கு மேலிருந்த சிறிய சுவிச்சின் இரு வயர்களையும் முறுக்கி இணைத்துவிட்டு, "இனிப் பிரச்சினை இல்லை அண்ணை" என்றார். இரண்டு கிழமை கழித்து, முதலாம் கியரில் நின்றதை மறந்து திறப்பைத் திருப்பினேன். வாகனம் பாய்ந்து வேலியில் ஏறியது. அந்த நேரம் முன்னால் எவரும் நிற்கவில்லை.

எனது இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பெடல் அடிவரை போனதா என்று அந்தப் பாதத்தால் உணர முடியாது. போரில் கால் இழந்தும் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இந்தச் சுவிச் சின்ன விடயமல்ல.

என்ன வேலை செய்கிறது?

திறப்பிலிருந்து ஸ்ராட்டர் றிலேக்குப் போகும் மின்சாரம் இந்தச் சுவிச்சின் ஊடாகவே செல்கிறது. பெடலை முழுதாக மிதித்தால் மட்டும் சுற்று மூடும். எல்லாப் பிக்கப்களிலும் இது இல்லை. சிலவற்றில் பெடலருகே இரண்டு சுவிச்கள் இருக்கும். பெடல் கீழே போகும்போது அமுங்குவதுதான் நமக்குரியது.

பழுதை உறுதிசெய்தல்

முதலில் பெற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். 'டிக்' சத்தம் கேட்டும் எஞ்சின் சுற்றாவிட்டால் பழுது பெரும்பாலும் இந்தச் சுவிச்சில் அல்ல.

அடுத்து பெடலின் கீழே தரையைப் பாருங்கள். பிளாஸ்ரிக் துகள்கள் கிடந்தால், சுவிச்சை அமுக்கும் சிறு குமிழ் உக்கி உடைந்திருக்கலாம். அப்படியானால் குமிழை மாற்றினாலே போதும்.

சுவிச்சின் இணைப்பைக் கழற்றி மல்ரி மீற்றரால் அதன் இரு முனைகளையும் சோதியுங்கள். அமுக்கும்போது தொடர்பு வரவேண்டும், விட்டதும் அறுபடவேண்டும்.

மாற்றுதல்

1. பெற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள்.

2. சுவிச்சின் வெளியே தெரியும் புரிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பூட்டு நட்டைத் தளர்த்திச் சுவிச்சைக் கழற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய், முனைகளையும் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

4. புதியதை அதே அளவுக்குத் திருகி, நட்டை இறுக்கி, இணைப்பைக் கொழுவுங்கள். முன்பு முறுக்கிய வயர்கள் இருந்தால் பிரித்துச் சீராக்குங்கள்.

5. பெற்றரியை மீண்டும் இணையுங்கள்.

கடைசிச் சோதனை

சமதரை, கை பிறேக், நியூட்றல். முன்னும் பின்னும் ஆட்கள் இருக்கக்கூடாது. பெடலில் கால் வைக்காமல் திறப்பைத் திருப்புங்கள்: ஸ்ராட்டர் சுற்றக்கூடாது. அடிவரை மிதித்துத் திருப்புங்கள்: சுற்றவேண்டும். பாதி மிதிப்பிலேயே சுற்றினால், கிளட்ச் விடுபட முன்னரே சுற்று மூடுகிறது என்று அர்த்தம். சுவிச்சின் உயரத்தைத் திருத்துங்கள்.

சுவிச் புதிதானாலும் திறப்பைத் தொடமுன் கியரை ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடவேண்டாம். நான் இப்போது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.