உறக்க மருந்தும் முதுமையும்: வன்னி நிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முதியவர் ஒருவர் இரவில் இடறி விழுந்தால், "வயது போனால் இப்படித்தான்" என்று கூறி அமைவது நம்மவர் வழக்கம். பகலில் அவர் தூங்கி வழிந்தாலும், பிள்ளைகளின் பெயரை மாற்றி அழைத்தாலும் அதே விடைதான் கிடைக்கும். இவ்விடை எப்பொழுதும் சரியானதா? அம்முதியவர் நாள்தோறும் உறக்கக் குளிசை உட்கொள்பவராயின், பழி முழுவதையும் முதுமையின்மேற் சுமத்துதல் முறையாகாது. மருந்துகளின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

வன்னி மண்ணில் இவ்வினா தனிச்சிறப்புடையது. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனி கண்ட குடும்பத்தினர் பலர் தம் முதுமையில் அமைதியைக் காணவில்லை. 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2004ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கரையை அழித்த கடற்கோள், 2009 மே மாதத்தில் முடிவுற்ற இறுதிப் போர், அதன்பின் செட்டிகுளத்து முகாம் வாழ்வு என இடர்கள் தொடர்ந்தன. பிள்ளைகளை இழந்தோர்க்கும் காணாமற் போனோரை எதிர்பார்த்திருப்போர்க்கும் இரவு நீள்வது இயல்பே. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதிய ஆய்வில், வன்னி மக்களின் துயரைத் தனிமனித நோயாக மட்டும் கொள்ளாது, குடும்பத்தையும் ஊரையும் பற்றிய கூட்டு மனவடுவாகக் கண்டார். அவ்வாறாயின், ஊர் முழுவதையும் பற்றிய வடுவை ஒருவர் விழுங்கும் குளிசை மட்டும் ஆற்றிவிட முடியுமா?

உறக்கத்தை மருந்தாற் பெறும் முயற்சி பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோமைட்டு உப்புக்கள் பெருவழக்குப் பெற்றன. உட்கொண்ட அளவிற் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 12 நாட்கள் செல்லும். ஆதலின் நாள்தோறும் உண்டோரின் உடலில் அது திரண்டு, மனக்குழப்பத்தை விளைவித்தது. 1903இல் எமில் பிஷர், வொன் மேரிங் ஆகிய ஜெர்மானிய அறிஞர் இருவர் பார்பிற்றோன் என்னும் மருந்தை வெளிப்படுத்தினர். அவ்வினத்து மருந்துகளோ, பயன்தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே சிறு தொலைவே உடையன என்பது பின்னர்த் தெரியவந்தது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்த எழுந்ததாகும்.

1960இல் லிபிரியமும் 1963இல் வேலியம் எனப்படும் டயசிப்பாமும் விற்பனைக்கு வந்தன. பழைய மருந்துகளினும் இவை பாதுகாப்பானவை என உலகம் வரவேற்றது, அவ்வரவேற்பு பொய்யன்று. வலிப்பைத் தணித்து உயிர்காப்பதில் டயசிப்பாமின் பயன் இன்றும் பெரிது. ஆயினும் இளைஞர் உடலுக்குப் பொருந்திய கணக்கு முதியோர்க்குப் பொருந்தவில்லை. 1975இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இம்மருந்தின் பாதியளவு உடலைவிட்டு நீங்க 20 வயதினர்க்கு ஏறத்தாழ 20 மணி நேரமும், 80 வயதினர்க்கு ஏறத்தாழ 90 மணி நேரமும் செல்லும். முதுமையில் உடலிற் கொழுப்பின் விகிதம் கூடுகின்றது. கொழுப்பிற் கரையும் மருந்து அங்கே தங்கிவிடுகின்றது. நேற்றைய குளிசை நீங்குமுன் இன்றைய குளிசை சேர்கின்றது. விளைவு, பகல் மயக்கம், தள்ளாட்டம், மறதி, மனக்குழப்பம் என்பனவாம்.

நெடுநேரம் உடலில் தங்கும் உறக்க மருந்துகளுக்கும் முதியோரின் இடுப்பெலும்பு முறிவுக்கும் உள்ள தொடர்பை 1987இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். 1991இல் மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் முதியோர்க்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலொன்றை வகுத்தனர். டயசிப்பாம் வந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்த பின்னரே இவை நிகழ்ந்தன. இத்தாமதத்திற்குக் காரணம் பலவாயினும் ஒன்று வெளிப்படை: மருந்தின் தீங்கும் முதுமையின் தளர்ச்சியும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தமையே அது.

இவ்வரலாறு வன்னி வீடுகளுக்குக் கூறுவது யாது? கழிப்பறை முற்றத்துக்கு அப்பால் அமைந்த வீட்டில், நள்ளிரவில் மயக்கத்துடன் எழும் முதியவர்க்குப் படியொன்றும் பகையாகலாம். தடிமனுக்கு வழங்கப்படும் குளோர்பெனிரமீன் போன்ற குளிசைகளும் மயக்கம் தருவன. உறக்க மருந்துடன் அவையோ மதுவோ சேரின் ஆபத்து மிகும். ஆதலின், வைத்தியசாலைக்குச் செல்கையில் வீட்டிலுள்ள குளிசைகள் அனைத்தையும் எடுத்துச் சென்று காட்டுதல் நன்று. அதேவேளை, நெடுநாள் உண்ட உறக்க மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துதலும் தீது. அதனால் நடுக்கமும் வலிப்பும் நேரலாம். மருத்துவரின் மேற்பார்வையிற் சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் மருத்துவம் பேசவேண்டும் என்னும் அவர் கொள்கை இன்றும் நமக்கு வேண்டற்பாலது. குளிசையின் பெயரையும் அளவையும் மட்டுமன்றி, அது தரக்கூடிய தள்ளாட்டத்தையும் மறதியையும் முதியவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல் அறமாகும். இத்தனை இழப்புக்களையும் தாங்கிய ஒரு தலைமுறை, தவிர்க்கத்தக்க ஒரு விழுகையால் பாயிற் கிடக்க நாம் விடலாகாது. இனி ஒரு முதியவர் விழுந்தால், "வயது போனால் இப்படித்தான்" என்று சொல்லுமுன், "என்ன குளிசை குடிக்கிறீர்கள்?" என்று கேட்போமாக.