எம். ஜே. கோபாலனும் இலங்கைத் துடுப்பாட்டமும்

கல்முனை, சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் மாலைதோறும் துடுப்பெடுத்தாடும் எமது இளைஞர்கள் கோபாலன் கிண்ணம் என்ற பெயரை அறிந்திருப்பார்களோ என்னவோ! முதியோர் அறிவர். வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து அதன் ஓட்ட விபரங்களைக் கேட்டவர்களல்லவா?

செங்கற்பட்டு மாவட்டத்திற் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர் எம். ஜே. கோபாலன். வேகப் பந்து வீச்சு, துடுப்பாட்டம் இரண்டிலும் வல்லவர். பின்னாளிற் சென்னை அணியின் தலைவர். அவரை இனங்கண்டவர் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் கம்பனியில் உத்தியோகமும் அவராலேயே கிடைத்தது. திறமை மட்டும் இருந்தாற் போதாது, வயிற்றுப்பாட்டுக்கும் வழி வேண்டுமே!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கெதிராக ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4ஆந் திகதி சேப்பாக்கத்தில் மைசூருக்கெதிராக ரஞ்சிக் கிண்ணத்தின் முதற் பந்தை வீசியவரும் அவரே. மைசூர் 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது.

ஹொக்கியிலும் அவர் சூரர். 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்றார். மறு வருடம் வந்தது சோதனை. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹொக்கி. மறுபுறம் இங்கிலாந்துக் கிறிக்கெட் பயணம். கோபாலன் கிறிக்கெட்டையே தேர்ந்தார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் அவரைச் சேர்க்கவில்லை! பெர்லினிலோ இந்திய ஹொக்கி அணி ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது. விஜயநகரம் மகாராஜகுமார் தலைவராயிருந்து பூசல் மலிந்த அந்தப் பயணத்தில், இத்தகைய வீரரை வெறுமனே இருத்தி வைத்தது அநியாயமென்றே சொல்வோம். ஆக, அவர் ஆடியது கல்கத்தாவில் அந்த ஒரே டெஸ்ட்.

எனினும் அவர் பெயர் எங்கள் நாட்டில் வேரூன்றியது வேறொரு வழியால். அக்காலத்தில் இங்கிலாந்து, அவுஸ்திரேலிய அணிகள் கப்பற் பயணத்தினிடையே கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போவதே வழக்கம். எம்மவர் திறமைக்குக் குறைவில்லை. 1947இல் சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தாரல்லவா? வாய்ப்பே குறைவு. 1952–53இல் சென்னைக்கும் இலங்கைக்குமிடையே தொடங்கிய கோபாலன் கிண்ணம் அக்குறையைப் பெரிதும் தீர்த்தது. பெரும்பாலான ஆண்டுகளில் எமது வீரர்க்கு அதனால் முதல்தர ஆட்டமொன்று கிடைத்தது. அப்படிப் பழகி வந்த நாடு, 1982 பெப்ரவரி 17இல் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்திற்கு இறங்கியபோது கோபாலன் உயிருடன் இருந்தார். 2003 டிசம்பரிற் காலமானார்.