எட்டுப் பிள்ளைகளின் நுரையீரல்

"அது புகையில்ல, வெறும் ஆவிதானே" என்று பிள்ளைகள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

2003இல் சீன மருந்தாளர் ஹொன் லிக் இன்றைய இலத்திரனியல் சிகரட்டை உருவாக்கினார். சிகரட்டைக் கைவிட உதவவே அதைச் செய்தார். பதினாறு வருடங்களில் அது சிறுவர் கைக்கு வந்துவிட்டது.

2019 ஜூலை 25இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் சிறுவர் வைத்தியசாலை, எட்டுப் பதின்ம வயதினர் கடுமையான நுரையீரல் பாதிப்புடன் அனுமதிக்கப்பட்டதை அறிவித்தது. இருமல், மூச்சுத்திணறல், களைப்பு. எல்லோரும் வேப் இழுத்தவர்கள். 2020 பெப்ரவரிக்குள் நாடெங்கும் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 68 பேர் மரணித்தனர்.

கஞ்சாச் சாறு கலந்த திரவத்தில் தடிப்புக்காகச் சேர்த்த விட்டமின் ஈ அசிடேற்றே பிரதான காரணமென ஆய்வாளர்கள் கண்டனர். பரிசோதித்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் திரவத்தில் அது இருந்தது. உணவிலும் தோலிலும் தீங்கு செய்யாத பொருள், மூச்சில் போனதும் வினையானது. நிகொட்டின் மட்டுமே இழுத்ததாகச் சொன்ன நோயாளிகளும் இருந்தனர்.

தாம் இழுத்ததற்குள் என்ன இருந்ததென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதட்டுவதற்கு முன், "இதுக்குள்ள என்ன இருக்கென்று தெரியுமா மகன்?" என்று நாம் கேட்போம்.