மருத்துவமனையில் கை ஓங்கினால்: தடுக்கும் வழியும் சட்டமும்

ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் தொடங்கி குளுவாங், சிகாமட், மூவார், பத்து பகாட் வரை ஜொகூர் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் இரவு பகலாக இயங்குகின்றன. தோட்டத்து மருந்தகத்தில் டிரஸர் பெயர் சொல்லி அழைத்து மருந்து கொடுத்த காலம் போய்விட்டது. அந்தக் குடும்பங்கள் இன்று நகர மருத்துவமனைகளின் நீண்ட வரிசைகளில் காத்திருக்கின்றன. அங்கே பணிபுரியும் தாதியர், மருத்துவ உதவியாளர், துப்புரவாளர், பாதுகாவலர்களிலும் நம்மவர்கள் உண்டு. அதனால் மருத்துவமனை வன்முறை நம் சமூகத்தை இரு பக்கமும் தொடும் விஷயம்.

எது வன்முறை?

அடிப்பது மட்டுமே வன்முறை ஆகாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தையால் ஏசுவது, எச்சில் துப்புவது, பொருளை வீசுவது, பாலியல் தொல்லை கொடுப்பது எல்லாமே வன்முறைதான். சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 விழுக்காட்டினர் தங்கள் பணிக்காலத்தில் ஒரு முறையாவது உடல் ரீதியான தாக்குதலுக்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கோபம் எங்கே தொடங்குகிறது?

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி சிகிச்சை தரப்படுவதில்லை. உயிருக்கு உள்ள ஆபத்தைப் பொறுத்தே சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கிறார்கள். பச்சைப் பிரிவில் இருப்பவர் பல மணி நேரம் காத்திருக்க நேரும். பின்னால் ஆம்புலன்ஸில் வந்தவர் முன்னே போவார். இதை யாரும் விளக்காதபோது, 'ஆளைப் பார்த்துக் கவனிக்கிறார்கள்' என்ற எண்ணம் பிறக்கிறது. மொழி புரியாவிட்டால் அது இன்னும் வளரும்.

சில வேளைகளில் நோயே காரணமாகிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைதல், தலைக்காயம், கடும் காய்ச்சல், குடியைத் திடீரென நிறுத்துதல் ஆகியவை ஒருவரைத் தன்னிலை மறந்து நடக்க வைக்கும். இவருக்கு முதலில் தேவை சிகிச்சை.

சென்னை தந்த பாடம்

2024 நவம்பர் 13ஆம் தேதி, சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். மருத்துவப் பணியாளர்களைக் காக்க தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 10 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அதில் உண்டு. இருந்தும் கத்தி உள்ளே வந்தது. தண்டனை பிறகுதான் வரும். தடுப்பு காத்திருக்கும் கூடத்திலேயே தொடங்க வேண்டும்.

நிர்வாகத்தின் கடமை

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியரைக் காப்பது முதலாளியின் பொறுப்பு. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தம், இக்கடமையை மீறுவோருக்கான உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. காத்திருக்கும் நேரத்தை அவ்வப்போது அறிவிப்பது, நோயாளியுடன் வருவோர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது, அபாய மணிப் பொத்தான் பொருத்துவது, இரவில் எவரையும் தனியாக நிறுத்தாமல் இருப்பது ஆகியவை பலன் தரும்.

ஊழியர் என்ன செய்யலாம்?

• இரண்டு கை தூரம் தள்ளி நில்லுங்கள். கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும்.
• குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், வாதாடாதீர்கள். ஆபத்து என்றால் விலகி, பாதுகாவலரை அழையுங்கள், தேவைப்பட்டால் 999.
• தாக்கப்பட்டால் முதலில் சிகிச்சை பெற்று, காயங்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். மேலதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கக் கேளுங்கள்.
• தனியார் மருத்துவமனை ஊழியரும் குத்தகை நிறுவனத் துப்புரவாளர், பாதுகாவலரும் சொக்சோ பாதுகாப்பில் வருவர். வேலையிடக் காயத்தை முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கப் பலாத்காரம் காட்டினால், குற்றவியல் சட்டம் 353ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். காயம் விளைவித்தால் 332ஆவது பிரிவின்படி சிறை 3 ஆண்டு வரை நீளும். தனியார் ஊழியருக்குக் காயம் விளைவிப்பது 323ஆவது பிரிவில் வரும். மிரட்டலுக்கு 506ஆவது பிரிவு உண்டு.

குடும்பத்தாருக்கு

பேசுவதற்கு ஒருவரை மட்டும் முன்னிறுத்துங்கள். நோயாளியை எந்த நிறப் பிரிவில் வைத்துள்ளனர் என்று கேளுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டால் காத்திருக்காமல் தாதியிடம் உடனே சொல்லுங்கள். மலாய் சரளமாக வராவிட்டால் தமிழ் தெரிந்த ஊழியரைக் கேட்கலாம்.

கவனிப்பில் குறை இருந்தால் தேதி, நேரம், வார்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவமனையின் பொது உறவுப் பிரிவிலோ சுகாதார அமைச்சின் சிஸ்பா இணையப் புகார் முறையிலோ புகார் செய்யலாம். மருத்துவரின் தொழில் நடத்தை பற்றிய புகாருக்கு மலேசிய மருத்துவ மன்றம் உள்ளது. எழுத்தில் கொடுத்த புகாருக்குப் பதில் கேட்க உரிமை உண்டு. கை ஓங்கினால் அந்த நியாயமும் கை நழுவிப் போகும். தகராறில் ஊழியர் சிக்கியிருக்கும் அந்த நிமிடங்கள், சிவப்புப் பிரிவில் இருக்கும் இன்னொரு குடும்பத்து நோயாளிக்குச் சேர வேண்டியவை.